முதிர்வயதும் கர்த்தருடைய காவலும்: வீடு சந்திப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சபையில் நடமாட்டம் குறைந்த பெரியவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும்போது, அவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைகளும் மருமக்களும் கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறோம். வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தவை. மருந்து பற்றி இங்கே படிக்கிற எதையும் உங்கள் டாக்டரிடம் கேட்ட பிறகே செய்யுங்கள்.

கர்த்தர் காப்பார்னு சொல்றோம். அப்புறம் ஏன் முட்டு தேயுது, கண்ணு மங்குது, காது கேக்கமாட்டேங்குது?

"காப்பார்" என்றால் முதுமையே அண்டாது என்று நாமாக எண்ணிக்கொள்கிறோம். ஏசாயா 46:4 அப்படிச் சொல்லவில்லை. "நரை வயதுமட்டும் நான் உங்களைத் தாங்குவேன்" என்கிறது. "நான் ஏந்துவேன், நான் சுமப்பேன், தப்புவிப்பேன்" என்று முடிகிறது. நரைத்துத் தளர்ந்தவரைத் தூக்கிக்கொள்வேன் என்பதுதான் வாக்கு. அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் பாபிலோனின் தெய்வங்களான பேலும் நேபோவும் மிருகங்களின் முதுகில் பாரமாக ஏற்றப்பட்டுப் போகின்றன. மனிதன் சுமக்கவேண்டிய தெய்வம் ஒருபக்கம், மனிதனைச் சுமக்கிற தேவன் மறுபக்கம்.

உடல் தளர்வதை வேதம் மறைப்பதே இல்லை. ஈசாக்குக்குக் கண் இருண்டது. தாவீதுக்கு எத்தனை வஸ்திரம் போர்த்தியும் அனல் உண்டாகவில்லை (1 இராஜாக்கள் 1:1). பிரசங்கி 12-ல் ஏந்திரம் அரைக்கிறவர்கள் குறைந்துபோவதைப் பல் விழுவதாகவும், பலகணி வழியாய்ப் பார்க்கிறவர்கள் இருண்டுபோவதைக் கண் மங்குவதாகவும் பொருள் கொள்வது வழக்கம். அவர்களில் யாரும் கைவிடப்பட்டவர்கள் அல்ல.

சங்கீதம் 121-ல "உன் காலைத் தள்ளாடவொட்டார்"னு இருக்கே. நான் கைத்தடி பிடிச்சா விசுவாசம் இல்லைன்னு ஆகாதா?

ஆகாது. விசுவாச வீரர்களின் பட்டியலான எபிரெயர் 11-லேயே ஒரு கைத்தடி இருக்கிறது. "விசுவாசத்தினாலே யாக்கோபு" என்று தொடங்கும் 21-ஆம் வசனம், அவர் "தன் கோலின் முனையிலே சாய்ந்து தொழுதுகொண்டான்" என்று முடிகிறது. தடியில் சாய்ந்தபடியே தொழுதார். அது விசுவாசம் என்றே எழுதப்பட்டது.

"உமது பாதம் கல்லில் இடறாதபடிக்கு" என்ற 91-ஆம் சங்கீத வசனத்தைக் காட்டி, தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்னது பிசாசுதான். "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்பது இயேசுவின் பதில் (மத்தேயு 4:7). ஈரத் தரையில் தடியில்லாமல் நடந்து காட்டுவது அந்தக் குதிப்புக்குப் பக்கத்தில் வருகிற காரியம்.

தடி வாங்கும்போது உயரம் பாருங்கள். செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் பிடி மணிக்கட்டின் மடிப்புக்கு நேராக வரவேண்டும். அதைவிட உயரமானால் தோள் வலிக்கும். குட்டையானால் கூன் விழும். வலது முட்டி வலித்தால் தடி இடது கையில். வலிக்கிற பக்கமே பிடிப்பதுதான் பலரும் செய்கிற தவறு. அடியில் உள்ள ரப்பர் வழவழப்பாகிவிட்டால் உடனே மாற்றுங்கள். தேய்ந்த ரப்பரோடு கோயில் மொசைக் தரையில் ஊன்றினால் தடியே வழுக்கிவிடும்.

வீட்டுல விழாம இருக்க என்ன செய்யணும்? பாத்ரூம்தான் பயமா இருக்கு.

பயம் சரியான இடத்தில்தான் இருக்கிறது. புது வீடு கட்டினால் மேலிருந்து ஒருவனும் விழாதபடி மொட்டைமாடிக்குக் "கைப்பிடிச்சுவரைக் கட்டவேண்டும்" என்று உபாகமம் 22:8 கட்டளையே இடுகிறது. கட்டாமல் ஒருவன் விழுந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல். தம்முடைய ஜனத்தைக் காக்கிற கர்த்தர் அதைக் கொத்தனார் வேலையாகவும் கொடுத்திருக்கிறார். இன்றைக்கு அந்தக் கைப்பிடிச்சுவர் பாத்ரூமில் வரவேண்டும்.

டாய்லெட்டுக்குப் பக்கச் சுவரில் ஒன்று, குளிக்கிற இடத்தில் ஒன்று என்று எவர்சில்வர் கைப்பிடி பொருத்துங்கள். தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரம் பெரும்பாலோருக்குச் சரியாக இருக்கும். பெரியவரையே உட்காரவைத்து, எழும்போது கை எங்கே போகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டால் இன்னும் நல்லது. கம்பி ஒன்றரை அங்குலப் பருமனுக்குள் இருந்தால்தான் விரல் முழுவதும் சுற்றிப் பிடிக்கும். டைல்ஸை மட்டும் நம்பாமல் உள்ளே செங்கல் வரை துளைபோட்டு இறுக்கச் சொல்லுங்கள். உறிஞ்சி ஒட்டும் ரப்பர் கைப்பிடிகள் ஈரத்தில் கழன்றுவிடும். துண்டு போடுகிற கம்பியை ஒருபோதும் பிடிக்கக் கூடாது. பல வீடுகளில் விழும்போது கையோடு பிடுங்கிக்கொண்டு வருவது அந்தக் கம்பிதான்.

உட்கார்ந்து குளிக்க அகலமான, கால்களில் ரப்பர் உள்ள நாற்காலி வேண்டும். லேசான பிளாஸ்டிக் ஸ்டூல் வேண்டாம். உள்தாழ்ப்பாள் போடவேண்டாம். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை இரவு விளக்கு எரியட்டும். சேலை, வேட்டி, நைட்டி எதுவானாலும் கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும். படுக்கையிலிருந்து எழும்போது கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்த பிறகே நிற்கவேண்டும். சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது அதிகம். அந்த இரண்டு நிமிடத்துக்கு 121-ஆம் சங்கீதத்தின் எட்டு வசனங்கள் அளவாகப் பொருந்தும்.

ராத்திரி 3 மணிக்கே முழிப்பு தட்டுது. ஜெபிக்க ஆண்டவர் எழுப்புறாரா, இல்ல வியாதியா?

வயதானால் தூக்கம் லேசாவது இயல்பு. விழித்த நேரத்தை ஜெபத்துக்கு எடுத்துக்கொள்வதும் நல்லதே. "இராச்சாமங்களில் உம்மைத் தியானிக்கிறேன்" என்று சங்கீதம் 63 சொல்கிறது. ஆனால் சிறுநீருக்காகவே இரண்டு மூன்று முறை எழுகிறீர்கள் என்றால், நீர் பிரியும் மாத்திரையை மாலையில் போடுகிறீர்களா என்று பாருங்கள். காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கமும், இருபாலருக்கும் கட்டுக்கு அடங்காத சர்க்கரையும் காரணமாகலாம். எழுகிற விதம் மேலே சொன்னதுதான்.

முழங்கால் போட முடியல. நாற்காலில உட்கார்ந்து ஜெபிச்சா ஆண்டவருக்கு மரியாதை இல்லாத மாதிரி மனசு உறுத்துது.

அமலேக்கோடு யுத்தம் நடந்த நாளில் மோசேயின் கைகள் அசந்துபோனபோது, ஒரு கல்லைக் கொண்டுவந்து வைத்தார்கள். அவர் அதன்மேல் உட்கார்ந்தார். ஆரோனும் ஊர் என்பவரும் ஆளுக்கொரு கையைத் தாங்கினார்கள் (யாத்திராகமம் 17:12). உட்கார்ந்து செய்த அந்த ஜெபத்தில்தான் இஸ்ரவேல் ஜெயித்தது. ஆராதனையில் எல்லாரும் எழும்போது நீங்கள் உட்கார்ந்தே இருக்கலாம். முழங்காலிட்டே ஆகவேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் எழும்போது முன் பெஞ்சைப் பிடித்து மெதுவாக எழவேண்டும்.

வேதத்துல எழுத்தே தெரியல. கண்ணாடி மாத்தியும் அப்படித்தான்.

கண்ணாடி மாற்றியும் தெளியவில்லை என்றால் கண்புரையா, கண் நீர் அழுத்தமா, விழித்திரைக் கோளாறா என்று சோதிக்கவேண்டும். புரை என்றால் சிறிய அறுவைசிகிச்சையில் பெரும்பாலோருக்குப் பார்வை திரும்பும். கண் நீர் அழுத்தத்தில் போன பார்வை திரும்பாது, அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

அதுவரை பெரிய எழுத்து வேதாகமம் வாங்கலாம். கனமானது என்பதால் மடியில் வைக்காமல் சாய்வுப் பலகையில் வையுங்கள். விளக்கு தோளுக்குப் பின்னாலிருந்து பக்கத்தின்மேல் விழட்டும். கண்ணுக்கு எதிரே வேண்டாம். போனில் ஒலி வேதாகமம் போட்டுக்கொடுக்கும் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: தினமும் ஒரே நேரத்தில், அன்றைக்குக் கேட்கவேண்டிய அதிகாரத்தை எடுத்துவைத்துக் கொடுங்கள். பட்டன் தேடவைத்தால் இரண்டாம் நாளே விட்டுவிடுவார்கள்.

ஒரு கூட்டத்துல பிரசங்கியார் "மாத்திரையைத் தூக்கிப்போடு, சுகமாயிட்ட"ன்னு சொன்னார். பிரஷர் மாத்திரையை நிறுத்தலாமா?

நிறுத்தாதீர்கள். சில இருதய மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலி வரும். இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரையை நிறுத்தினால் பக்கவாதம் வரலாம். வலிப்பு மாத்திரையை நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடரலாம். சுகம் உண்மையானால் அது பரிசோதனையில் தெரியும், டாக்டரே மாத்திரையைக் குறைப்பார். குஷ்டரோகியைச் சுகமாக்கிய இயேசு அவனை ஆசாரியனிடம் போய்க் காண்பிக்கச் சொன்னாரே.

எசேக்கியா ராஜாவுக்கு 15 வருஷம் கூட்டிக்கொடுத்த கர்த்தர், பிளவையின்மேல் அத்திப்பழத்து அடையையும் வைக்கச் செய்தார். பவுலோடு பயணம் செய்த லூக்கா "பிரியமான வைத்தியன்". நெய்யூரிலும் வேலூரிலும் ஆஸ்பத்திரி தொடங்கியவர்கள் ஜெபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகை என்று நினைத்திருந்தால் அந்தக் கட்டடங்கள் எழும்பியே இருக்காது.

லெந்து நாள்ல உபவாசம் இருந்தே பழக்கம். இப்போ சர்க்கரை இருக்கு. பெரிய வெள்ளிக்காவது இருக்கலாமா?

மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டை விடுவதுதான் ஆபத்து. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குப் பெரிய வெள்ளி மும்மணி ஆராதனை நடுவில், 12 மணிக்கும் 3 மணிக்கும் இடையே, சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். வேர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் வந்தால் அது பக்தி பரவசம் அல்ல. சர்க்கரை அளவு 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ குளுக்கோஸோ அரை டம்ளர் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழையுங்கள்.

கத்தோலிக்கத் திருச்சபையில் நோன்புக் கடமை 18 வயதில் தொடங்கி 59-உடன் முடிகிறது. அதற்கு மேற்பட்டவர்கள் சட்டப்படியே விடுபட்டவர்கள். மற்ற சபையாருக்கும் அந்த அளவு நல்ல வழிகாட்டி. சாப்பாட்டை விடாமல் ருசியை விடலாம்: காபி, மீன், டிவி தொடர். மிச்சமாகும் பணத்தைக் கொடுத்துவிடலாம்.

கோயிலுக்கே போக முடியல. ஐயர் வீட்டுக்கு வந்து திருவிருந்து கொடுப்பாரா? என்ன தயார் பண்ணணும்?

கொடுப்பார். ஐயரிடமோ (போதகர்) கோயில்பிள்ளையிடமோ (கோயில் ஊழியர்) சொன்னால் போதும். "அவருக்கு ஆயிரம் வேலை" என்று மாதக்கணக்கில் சொல்லாமலே இருந்துவிடுகிறார்கள், சொல்லாவிட்டால் தெரியாது. காலை நேரம் கேளுங்கள், அப்போதுதான் பெரியவர் தெளிவாக இருப்பார். சிறிய மேஜை, வெள்ளைத்துணி, நிமிர்ந்து உட்காரும் நாற்காலி. பல்செட்டும் காது மெஷினும் மாட்டியிருக்கட்டும். வலி மாத்திரை உண்டென்றால் அரைமணி முன்னதாகக் கொடுங்கள்.

விழுங்கும்போது இருமல் வருகிறவர் என்றால் முன்கூட்டியே ஐயரிடம் சொல்லுங்கள். அப்பத்தைச் சிறு துண்டாக்கி இரசத்தில் தோய்த்துக் கொடுக்கலாம். நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையைச் சற்றே கீழே இறக்கி விழுங்கவேண்டும். பிறகு அரைமணி படுக்கக் கூடாது. மூக்கில் குழாய் வைத்திருப்பவருக்கு டாக்டரைக் கேட்காமல் வாயில் எதையும் வைக்காதீர்கள். கத்தோலிக்கர்களில் முதியோருக்கும் நோயாளிக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் ஒரு மணிநேர நற்கருணை நோன்பு கட்டாயம் இல்லை. நோயில்பூசுதலைச் சாகிற நேரத்துக்கென்று தள்ளிவைப்பதும் தவறு. "அவஸ்தை பூசுதல்" என்ற பழைய பெயரால் வந்த பயம் அது. நோய் கடுமையானதும் கூப்பிடலாம், பின்னால் மறுபடியும் பெறலாம்.

மகன் சென்னைக்கு வந்துடுங்கன்னு கூப்பிடுறான். எனக்கு ஊரை விட மனசில்ல. கீழ்ப்படியாம இருக்கேனா?

2 சாமுவேல் 19-ல் 80 வயது பர்சிலாவை ராஜாவே எருசலேமுக்குக் கூப்பிட்டார். சாப்பாடு ருசிக்கவில்லை, பாட்டு காதில் விழவில்லை, என் தாய்தகப்பன் கல்லறையண்டையில் சாகிறேன் என்று அவர் மரியாதையாக மறுத்தார். தாவீது அவரை முத்தமிட்டு ஆசீர்வதித்து அனுப்பினார். மறுத்தது பாவமாக எண்ணப்படவில்லை.

ஊரில் இருப்பதற்கும் ஏற்பாடு வேண்டும். காலையிலும் மாலையிலும் எட்டிப்பார்க்க ஒரு ஆள், மறுசாவி பக்கத்து வீட்டில், ஏழு நாள் மாத்திரை டப்பா, சுவரில் பெரிய எழுத்தில் நம்பர்கள். குளிக்கவோ சமைக்கவோ இனி முடியாது, அல்லது அடுப்பை அணைக்க மறக்கிறது என்ற நிலை வந்தால் பதிலும் மாறவேண்டும். முதிர்வயதில் "வேறொருவன் உன் அரையைக் கட்டி, உனக்கு இஷ்டமில்லாத இடத்துக்கு உன்னைக் கொண்டுபோவான்" என்று பேதுருவுக்குச் சொல்லப்பட்ட நாள் அது. முதலில் ஒரு மாதம் போய் இருந்து பாருங்கள். வீட்டை உடனே விற்கவேண்டாம்.

வீட்டை இப்பவே பிள்ளை பேருக்கு எழுதிடலாமா? கர்த்தர் பார்த்துக்குவார்தானே?

அவசரப்படாதீர்கள். செட்டில்மெண்ட் பத்திரம் பதிந்த நாளிலேயே உரிமை கைமாறிவிடும். உயில் என்றால் உங்கள் காலத்துக்குப் பிறகுதான். இடையில் மாற்றி எழுதலாம். உயிலுக்கு இரண்டு சாட்சி கையெழுத்து வேண்டும், அவர்கள் சொத்துப் பெறுகிறவர்களாகவோ அவர்களுடைய கணவன் மனைவியாகவோ இருக்கக் கூடாது. உயில் இல்லாமல் போனால், 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி வாழ்க்கைத்துணைக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு, ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாக.

செட்டில்மெண்ட்தான் என்றால், ஆயுள் உள்ளவரை குடியிருக்கும் உரிமையையும் பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதுங்கள். 2007 பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு அந்த நிபந்தனையை வைத்தே பத்திரத்தைச் செல்லாததாக்க வழிசெய்கிறது. மனு கோட்டாட்சியரிடம், உதவிக்கு முதியோர் எண் 14567. பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் "கொர்பான்" (தேவனுக்குக் காணிக்கை) என்று சொல்லிக் கைவிட்டவர்களை இயேசு கடிந்துகொண்டார். அதனால் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

அம்மாவுக்கு எல்லாம் மறந்துபோச்சு. இயேசு யாருன்னே தெரியல. அவங்க இரட்சிப்பு என்ன ஆகும்?

இரட்சிப்பு அம்மாவின் ஞாபகத்தில் வைத்த பொருள் அல்ல. "நான் அவரிடத்தில் ஒப்புக்கொடுத்ததை அவர் அந்நாள்வரைக்கும் காத்துக்கொள்ள வல்லவர்" என்றுதான் பவுல் நம்பினார் (2 தீமோத்தேயு 1:12). காவல் அவர் கையில். தாய் தன் பாலகனை மறந்தாலும் "நான் உன்னை மறப்பதில்லை; என் உள்ளங்கைகளில் உன்னை வரைந்திருக்கிறேன்" என்கிறார் (ஏசாயா 49).

மறதி புதிதாக ஆரம்பித்திருந்தால் தைராய்டும் பி12-ம் முதலில் பரிசோதியுங்கள். அவை சரிசெய்யக்கூடிய காரணங்கள். குடும்ப ஜெபத்தில் "இது எந்த சங்கீதம், சொல்லுங்க" என்று பரீட்சை வைக்காதீர்கள். ஒரே நேரம், ஒரே நாற்காலி, பத்தே நிமிடம். சிறுவயதில் பாடிய கீர்த்தனையின் முதல் அடியைப் பாடி நிறுத்துங்கள். பேச்சே குறைந்துபோனவர்களும் மடியில் விரல் தட்டித் தாளம் போடுவார்கள். "பரமண்டலங்களிலிருக்கிற" என்று தொடங்கினால் "எங்கள் பிதாவே" என்று உதடு அசையும். செவ்வாய்க்கிழமை "கோயிலுக்கு நேரமாச்சு" என்று கிளம்பினால் கிழமையைத் திருத்தாமல், "பாட்டுப்புத்தகம் எடுத்துக்கலாம்மா" என்று உட்காரவைத்து ஒரு பாட்டுப் பாடுங்கள்.

ரெண்டு நாளா அப்பா "செத்துப்போன சித்தப்பா வந்து நிக்கிறார்"ங்கிறார். பிசாசு கட்டா?

ஓரிரு நாளில் திடீரென்று வந்த குழப்பம் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. சிறுநீர்த் தொற்று, உப்பு குறைவது, நீர்வற்றல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை, பல நாள் மலச்சிக்கல், இவற்றில் ஏதாவது ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். முதியவருக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் தெரியாமல் குழப்பம் மட்டும் தெரியலாம். பார்வை மிகவும் குறைந்த சிலருக்கு, புத்தி தெளிவாக இருந்தும் உருவங்கள் தெரியும். அது பைத்தியமும் இல்லை, பிசாசும் இல்லை.

சுற்றி நின்று சத்தமாகத் துரத்துகிற ஜெபம் வேண்டாம். குழம்பிய மனதுக்கு அது கூடுதல் திகில். விளக்கைப் போட்டு, கையைப் பிடித்து, தாழ்ந்த குரலில் 23-ஆம் சங்கீதம் சொல்லுங்கள். ஆட்டோவுக்கும் சொல்லி அனுப்புங்கள்.

"ஆண்டவரே, என்னை எடுத்துக்கோ"ன்னு தினமும் ஜெபிக்கிறேன். பாவமா?

எலியா சூரைச்செடியின்கீழ் இதையே ஜெபித்தார்: "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்." கர்த்தர் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டார், தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடி தூங்கவிட்டார், மறுபடி சாப்பாடு. ஓடியாடி வாழ்ந்து களைத்தவர் வீடு திரும்ப ஆசைப்படுவது பாவம் அல்ல.

வீட்டார் கவனிக்க: இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாட்டிலும் பேரப்பிள்ளைகளிலும் நாட்டமில்லாமல், "நான் பாரம்" என்ற பேச்சோடு இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், மருந்தால் தேறும். மாத்திரைகளைச் சேர்த்துவைக்கிறாரா என்றும் பாருங்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

வென்டிலேட்டர் வேண்டாம்னு எழுதிவைச்சா தற்கொலை ஆகாதா?

ஆகாது. உயிரை எடுத்துக்கொள்வது வேறு, தேறுவதற்கு வழியில்லாதபோது சாவை இழுத்துக்கொண்டே போகிற சிகிச்சையை மறுப்பது வேறு. கருணைக்கொலை பற்றிக் கத்தோலிக்கத் திருச்சபை 1980-ல் ரோமிலிருந்து வெளியிட்ட பிரகடனமும் அப்படியே பிரித்துச் சொல்கிறது. உச்ச நீதிமன்றம் 2018-ல் இதற்காக முன்கூட்டியே எழுதிவைக்கும் மருத்துவ விருப்ப ஆவணத்தை அனுமதித்து, 2023-ல் நடைமுறையை எளிதாக்கியது: இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் கையெழுத்து. ஒரு நகலைப் பிள்ளைகளிடம் கொடுத்து வாய்விட்டும் பேசிவிடுங்கள். நிமோனியா போன்ற தேறக்கூடிய நோய்க்குச் சில நாள் வென்டிலேட்டர் வைப்பது இதில் சேராது; அதையும் தெளிவாக எழுதுங்கள். வலி நீக்கும் மருந்தையும் வாய் நனைப்பதையும் எக்காலத்திலும் நிறுத்தச் சொல்லவேண்டாம்.

மாமியாரைப் படுக்கையில வைச்சுப் பார்த்துக்கிறது நான் ஒருத்திதான். கோவம் வந்து கத்திடுறேன். அப்புறம் ஜெபிக்கவே கூசுது.

மோசேயின் கையைத் தாங்க இரண்டு பேர் நின்றார்கள் என்று முன்பே பார்த்தோம். இரவும் பகலும் ஒருத்தியே தாங்கினால் கை அசந்துபோகும். கோபம் பெரும்பாலும் தூக்கமின்மையின் முகம். மன்னிப்பு கேளுங்கள், மாமியாரிடமும் கேளுங்கள். பிறகு வேலையைப் பிரியுங்கள்.

படுக்கையில் இருப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பவேண்டும்: இடது, நேர், வலது. ஒரு தாளில் நேரத்தை எழுதி ஒட்டி, இரவு 10 மணி முறையும் காலை 6 மணி முறையும் கணவருடையது என்று பெயர் போடுங்கள். இடுப்பெலும்பு, குதிகால், முழங்கை மேல் சிவந்து, அழுத்தினால் வெளுக்காமல் இருந்தால் புண் தொடங்குகிறது. அந்தப் பக்கம் படுக்கவைக்காமல் நர்ஸிடம் காட்டுங்கள். பெண்கள் ஐக்கியத்தில் இரண்டு பேரைக் கேளுங்கள், "ஏதாவது உதவி" என்று பொதுவாகக் கேட்காமல், "ஞாயிறு 8 முதல் 11 வரை அம்மாகூட உட்காருங்க, நான் ஆராதனைக்குப் போயிட்டு வரேன்" என்று நேரம் சொல்லி. அவர்கள் வந்ததும் தண்ணீர் எங்கே, துணி எங்கே, அடுத்து எந்தப் பக்கம் திருப்பவேண்டும் என்று காட்டிவிட்டுப் புறப்படுங்கள்.